சாயங்காலப் பெரட்டலின் கணக்கு

மிஷின் வந்த அன்று மாமா அதற்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். ஐஸ் பெட்டிக்கும் மாவு அரைக்கும் கல்லுக்கும் ஆயுத பூஜையன்று மட்டும் கிடைக்கிற மரியாதை, இதற்கு வந்த உடனேயே கிடைத்தது. பினாங்கிலிருந்து அதை வேனில் கொண்டுவந்த சீனர், மின்சாரச் சாமான்மேல் ஈரத்தை வைக்கிறார்களே என்ற கவலையோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமா காகிதத்தைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பதார்த்தத்தின் பெயரை எழுதி, ஒவ்வொரு பொத்தான்மேலும் ஒட்டினார். கோழிக் குழம்பு, கோழிப் பெரட்டல், மீன் தலை, ஆட்டிறைச்சி, வெறும் சோறு. ஒட்டும்போது அவர் நாக்கு நுனி வாயோரத்தில் எட்டிப் பார்த்தது. எண்பதுகளின் நடுவில், பாடாங் செராய் மாதிரி ஒரு சின்ன ஊரில், பொத்தானை அமுக்கினால் மணியடித்துச் சீட்டைத் துப்புகிற கல்லா என்றால் ஜனங்கள் வேடிக்கை பார்க்கவே வந்தார்கள். அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். எங்காவது குழைத்த சந்தனம் மணத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் புரட்டுகிறது. சாமி காரியத்தில் இப்படிச் சொல்லக்கூடாதுதான். என்ன செய்ய, என் வயிறு அப்படி.

மாமா என் அம்மாவின் தம்பி. அம்மாவும் அப்பாவும் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் தோட்டத்தை விட்டு முதலில் வெளியேறியவர் மாமாதான். ரோட்டோர ஒட்டுக்கடையில் தொடங்கி, எழுபதுகளின் கடைசியில் பசார் ஓரமாக ஒரு கடைவீட்டைப் பிடித்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையாக்கினார். அம்மாவுக்கு அவர் சொன்னால் அதுதான் வேதம். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும், "மரத்தடியில கொசுக்கடி பட்டுக்கிட்டு எதுக்குலா கெடக்கணும்? கடைக்கு வந்துரு" என்று கூட்டிக்கொண்டு வந்தார். வாடிக்கையாளருக்குத் தாமே இலை போடுவார், தண்ணீர் தெளிப்பார். "சோறு போடற தொழில் லா இது. பாவ புண்ணியம் பாக்கணும்" என்று நாளுக்கு நாலு பேரிடமாவது சொல்வார். அதைக் கேட்டு நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. கருமம்.

கடையில் சமையல் இரண்டு கையில் நடந்தது. பகல் சாப்பாடு முழுவதும் சமையல் அக்காவின் பொறுப்பு. நாங்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். வேதக்காரர், கணவர் தோட்டத்து லாரி ஓட்டினார். அடுப்பைப் பற்றவைக்குமுன் பெரிய சட்டியின்மேல் விரலால் சிலுவை போட்டுவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றுவார். பகல் கூட்டம் ஓய்ந்ததும் அவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் மாமாவின் மனைவி, என் அத்தை, வந்து சாயங்காலச் சமையலை ஏற்றுக்கொள்வார். அத்தையின் கோழிப் பெரட்டல் பேர்போனது. கறுப்பாக, காரமாக, எண்ணெய் பிரிந்து, பெருஞ்சீரகம் தூக்கலாக இருக்கும். அதற்கென்று சுங்கை பட்டாணியிலிருந்தெல்லாம் காடி, அதான் கார், எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சமையல் அக்காவுக்கு இந்தக் கடை வேலை வயிற்றுக்கு. மனசுக்கு வேறொன்று இருந்தது. வருஷா வருஷம் மாதா கோயில் திருநாளில் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவார்கள். அரிசி, பருப்பு, கோழி எல்லாம் ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்பது. அந்தச் சாமான் அறையின் சாவியை அக்காவிடம்தான் கொடுப்பார்கள். படித்த வாத்தியார் குடும்பங்கள் இருக்க, தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு பொம்பளையை நம்பிக் கொடுத்தது அந்த வட்டாரத்திலேயே பேச்சாக இருந்தது. "எனக்குப் படிப்பு இல்ல, நகை இல்ல. கை சுத்தம்னு ஒரு பேரு இருக்கு பாரு, அது போதும்மா" என்பார். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வதால் கண்ணில் தண்ணீர் வேறு நிற்கும். நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

மாமாவின் மூத்த மகன் பினாங்கில் கணக்கியல் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். மிஷின் வாங்கச் சொன்னதே அவன்தான். அவன் யோசனை இது: எந்தப் பதார்த்தம் எத்தனை தட்டு விற்றது என்று நாள் முடிவில் மிஷின் சொல்லிவிடும். ஒரு தட்டுக்கு எவ்வளவு கோழி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு மசாலா என்று ஒரு அளவை நிர்ணயித்துவிட்டால், விற்ற தட்டைக் கொண்டே ஐஸ் பெட்டியிலிருந்து எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்குமேல் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். "முன்னால நீ பட்டனை அமுக்கினா, பின்னால ஐஸ் பெட்டியில கோழி கொறையணும். அவ்வளவுதான்" என்று எனக்கு விளக்கினான். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்குக் கணினி வைத்திருக்கிற கடைகளெல்லாம் செய்வது அதைத்தான். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டி, சாக்கட்டியோடு நின்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அளவு கேட்டபோதுதான் சனியன் பிடித்தது. சமையல் அக்கா தராசைக் கொண்டுவந்து வைத்து, கோழியை வெட்டி, எலும்போடு நிறுத்து, ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று அவன் கண்முன்னே காட்டினார். அத்தையிடம் கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்தான். என் கைக்குத் தராசு கட்டப் போறியா?" என்று கத்தினார். சரி, அம்மாவைத் தொந்தரவு செய்வானேன் என்று பையன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். ஒரு வாரம் சாயங்காலத்தில் ஐஸ் பெட்டியிலிருந்து வெளியேறிய கோழியைச் சாயங்காலம் விற்ற தட்டுகளால் வகுத்தான். வந்ததை ஒரு தட்டின் அளவு என்று பலகையில் எழுதினான். சாயங்காலத்துக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. பகலுக்கும் அதே அளவுதான் என்றான். அக்கா நிறுத்துக் காட்டியது? அது வெளியாள் கணக்காம். வீட்டு ஆள் திருடமாட்டார்கள், ஆகையால் வீட்டு ஆள் கணக்குத்தான் அளவுகோல். இதைப் பினாங்குக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறான்!

அப்புறம் என்ன, பகல் கணக்கு ஒவ்வொரு நாளும் உதைத்தது. பலகையில் இருக்கவேண்டியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு கோழியை அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். பையன் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போட்டான். மாமா அந்த வட்டத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னாம்மா இது? கோழி பறந்தா போச்சு?"

"தட்டுல போய்ப் பாருங்க மொதலாளி. வேணும்னா எலும்ப எண்ணிக்குங்க."

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

"நான் மட்டும் சொல்லுவனா?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் புறப்படும்போது பையைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். சோதித்தவர் அத்தை. பின்வாசலில், மீன்காரனும் பால்காரரும் பார்க்க, அந்தத் துணிப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். ஈரத் துண்டு, ஜெபமாலை, பஸ் சில்லறை ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்றும் கிடைக்காவிட்டால், "எந்த வழியில போவுதோ, யாரு கண்டா" என்று முனகிக்கொண்டே கையைத் தம் சேலையில் துடைத்துக்கொள்வார். அக்காவின் பை அழுக்காம்! அந்தக் கையைத் துடைத்துக்கொண்ட காட்சியை நினைத்தால், முப்பது முப்பத்தைந்து வருஷம் போனபிறகும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "மாதா கோயில் ஆளுங்களுக்கும் சொல்லி வைக்கணும்லா. பாவம், சாவிய இதுங்கிட்ட குடுத்துட்டு இருக்காங்க" என்று மாமா ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அது அக்காவின் காதிலும் விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தவளுக்குப் போகிற தட்டெல்லாம் கண்ணில் படும். பகல் தட்டில் கோழி நிறைய இருந்தது. சாயங்காலத் தட்டிலும் அதே மாதிரி நிறையத்தான் இருந்தது. யாரும் துண்டு குறைச்சல் என்று சண்டைக்கு வந்ததில்லை. அப்படியென்றால் கணக்கில் இடிப்பது பகல் அல்ல, சாயங்காலம்தான். பாதிக் கோழியில் முழுத் தட்டு எப்படி நிறைகிறது? ஒருநாள் அக்கா பஸ் ஏறியபிறகு, கடை வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், கல்லாவைப் பூட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன்.

அத்தை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று பேசன்கள். பகலில் சாப்பிட்டவர்களின் கறித்தட்டுகளும் மடித்த இலைகளும் ஒரு பக்கம் குவிந்திருந்தன. அத்தை இலையைப் பிரித்து, பாதி கடித்து வைத்த துண்டு, கடிக்காமல் ஒதுக்கிய துண்டு, பிள்ளைகள் சப்பிவிட்டுப் போட்ட கால் எல்லாவற்றையும் பொறுக்கி முதல் பேசனில் போட்டார். பல் பதிந்த இடத்தைச் சின்னக் கத்தியால் சீவினார். ஒட்டியிருந்த பருக்கைகளை நகத்தால் சுரண்டினார். ஒரு துண்டின்மேல் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள். அதையும் தூக்கிப்போடாமல் சாம்பலை ஊதிவிட்டு வைத்துக்கொண்டார். இரண்டாவது பேசனில் மஞ்சள் கலந்த சுடுதண்ணீர். அதன்மேல் யார் யாரோ வாய் வைத்த எண்ணெயெல்லாம் ஏடு கட்டி மிதந்தது. மூன்றாவது பேசனில் கழுவி முடித்த கோழி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பச்சைக் கோழி கொஞ்சம். இரண்டையும் ஒன்றாக்கி, கறுக்கக் கறுக்க மசாலா போட்டு வறுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அத்தையின் பெரட்டல் ஏன் அத்தனை கறுப்பு, ஏன் அத்தனை காரம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சீ! அந்தப் பெரட்டலைத்தான் நான் தினமும் ராச்சாப்பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன். கடை ஆட்கள் எல்லாருக்கும் சாயங்காலச் சட்டியில் மிஞ்சியதுதான் சாப்பாடு. இன்னும் கொஞ்சம் மசாலா போடுங்க அத்தை என்று தட்டை நீட்டியிருக்கிறேன். கொல்லைக் கால்வாய் ஓரத்தில் குந்தி, குடல் வெளியே வந்துவிடுமோ என்று பயப்படும்வரை வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. மாமா கடையில் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்து அடுக்குச் சட்டியில் சோறு வரும். சோறு போடுகிறவன் எல்லாரும் சாப்பிட்டபிறகுதான் சாப்பிடவேண்டும் என்று அதற்கு ஒரு வியாக்கியானம் வேறு சொல்லி வைத்திருந்தார்.

மாமாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார், அத்தையைத் திட்டுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கழுவிட்டுத்தானே போடறாங்க. நெருப்புல எல்லாம் செத்துரும்லா."

"அக்காவத் திருடின்னு சொல்றீங்களே மாமா?"

"நான் சொல்லல, மிஷின் சொல்லுது."

"தப்பு சாயங்காலத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"பகல்ல ஆளு திருடலன்னா, சாயங்காலம் கோழி எங்கருந்து வருதுன்னு பையன் கேப்பான். நான் என்னான்னு சொல்றது?" என்றார். பெற்ற பிள்ளைக்கு முன்னால் வெட்கப்படக்கூடாது என்பதற்காக, ஒரு பொம்பளை திருடியாக இருந்தே தீரவேண்டும். இவ்வளவுதான் அந்த மனுஷனின் பாவ புண்ணியம். ஒரு சொட்டுக் கூச்சம் அந்த முகத்தில் இல்லை. சொல்லிவிட்டு, எச்சில் தொட்டுக் காகிதம் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம், கடை நிறைந்திருந்த நேரத்தில், கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நேராக அடுப்படிக்குப் போய், அத்தையை விலக்கிவிட்டு, ஒரு தட்டு நிறையப் பெரட்டலை அள்ளி வந்தார். கல்லாவுக்கு எதிர் மேஜையில் ஒரு இலையை விரித்து, சோறு வைத்து, பெரட்டலை அதன்மேல் கொட்டினார்.

"மொதலாளி, உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. நான் திருடின்னு ஒத்துக்கிட்டுப் போயிர்றேன்."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாமாவுக்கு வேர்த்தது. "வயிறு சரியில்லம்மா" என்றார். "ஒரு வாய் மொதலாளி" என்றார் அக்கா. மாமா அசையவில்லை. அக்கா கூட்டத்தைப் பார்த்து, இலையில் பொறுக்கியது, பேசனில் கழுவியது எல்லாவற்றையும் பட்டென்று போட்டு உடைத்தார். நானும் கல்லாவிலிருந்து எழுந்து, ஆமாம், நான் பார்த்தேன் என்று கத்தினேன். அப்போது ஒருத்தர் என்ன செய்தார் தெரியுமா? "மொதலாளி சாப்பிடலன்னா அந்தத் தட்ட இங்க தள்ளுங்கக்கா" என்றார். கடை கொல்லென்று சிரித்தது. மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. "மாட்டிக்கிட்டா இதுங்க இப்படித்தான் பேசும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். சிரித்தவர்கள் குனிந்து தின்றார்கள்.

என்னை அன்றிரவே தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா என் பேச்சை முழுசாகக் கேட்கவே இல்லை. தம்பியின் மானத்தைச் சந்தியில் வாங்கிவிட்டேன் என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருஷத் திருநாளுக்குச் சாமான் அறைச் சாவி வேறொருத்தர் கைக்குப் போனது. யாரும் அக்காவிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அக்காவின் குடும்பம் திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் குடிபோனது. மாமாவின் கடையோ இரண்டானது, மூன்றானது. பெரட்டலின் பேர் இன்னும் தூரம் போனது.

சென்ற மாதம் மாமாவின் கருமாதி. போகாமல் இருக்க முடியவில்லை; இழவு உறவு. மண்டபத்தில் பெரிய பந்தி. மாமாவுக்குப் பிடித்தது என்று சொல்லிக் கோழிப் பெரட்டல் வைத்தார்கள். பிடித்ததாம்! இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மூத்த மகன், தலை நரைத்துப்போய், பந்தியின் நடுவில் நின்று அப்பாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "அந்தக் காலத்திலேயே எங்கப்பா ஒரு சமையக்காரியக் கையும் களவுமாப் புடிச்சாரு. என் கணக்குல லா மாட்டினா" என்றான். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து, உரக்க, அந்த மூன்று பேசன் கதையைச் சொன்னேன். இழவு வீட்டில் என்ன பேச்சு இது என்று நாலு பேர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

மூலையில் சக்கர நாற்காலியில் அத்தை இருந்தார். தொண்ணூறை நெருங்குகிறார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற கட்டெல்லாம் அவரை விட்டுப் போயிருந்தது. என் பேச்சைக் கேட்டு முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார்.

"நல்லாக் கழுவித்தானே போட்டேன். சிகரெட்டுச் சாம்பல்கூட ஊதிட்டுத்தானே போட்டேன். நீயும்தானே தட்ட நீட்டி நீட்டித் தின்ன? ருசியாத்தானே இருந்துச்சு?"

பந்தியில் கைகள் அப்படியே நின்றன. மாமா மகன் தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அந்தம்மா எடுக்கலையா?" என்று என்னிடம் கேட்டான். அவ்வளவு படித்தவனுக்கு இந்தக் கேள்வி வர இத்தனை வருஷம் ஆயிற்று. "ஒரு துண்டுகூட எடுக்கல மச்சான்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டும்போது ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

அங்கிருந்து நேராகத் திகாம் பத்துக்குப் போனேன். அக்கா இப்போது தம் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் இருக்கும்போதா சொன்னா?"

"ஆமாக்கா. பந்தி நெறைய ஆளு."

"கேட்டுட்டு எத்தன பேரு எந்திரிச்சாங்க?"

எனக்கு அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"யாருமே எந்திரிக்கலக்கா. ரசம் கேட்டாங்க."